ரியாலிட்டி ஷோவும் படிப்பும் பிழைப்பும்: போட்டியாளர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாட்டு, நடனம், சமையல், நகைச்சுவை, வினாடி வினா, நூறு நாள் ஒரே வீட்டுக்குள் அடைந்திருக்கும் ஆட்டம் என எதுவானாலும் ஒரு சீசன் சில மாதங்களில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் கல்லூரித் தேர்வு, வேலை, வரி, வாடகை எல்லாம் இருக்கும். கிளம்புவதற்கு முன்பே அவற்றுக்கு ஏற்பாடு செய்தவர்கள் நிகழ்ச்சியில் நிம்மதியாக இருக்கிறார்கள், முடிந்த பிறகும் தடுமாறுவதில்லை. இந்தப் பக்கம் அந்த ஏற்பாடுகளைப் பற்றியது.

கல்லூரியில் படிக்கிறேன். தேர்வாகிவிட்டேன். படிப்பை விட்டுவிட்டுப் போகலாமா?

விட வேண்டாம், தள்ளிப் போடுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சொல்லாமல் நின்றுவிட்டால் வருகைப்பதிவு விழுந்து, தேர்வு எழுத முடியாமல் போய், மறுபடி சேர வரும்போது பாடத்திட்டமே மாறியிருக்கும். முறையாக எழுதிக் கொடுத்து ஒரு பருவமோ ஓராண்டோ இடைவெளி எடுத்தால் உங்கள் இடம் இருக்கும், ஏற்கெனவே தேறிய தாள்களும் கணக்கில் நிற்கும்.

முதலில் துறைத் தலைவரைப் பாருங்கள். பெரும்பாலான தன்னாட்சிக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இடைநிறுத்த அனுமதிக்கு விதி உண்டு. விண்ணப்பத்தை அந்தப் பருவம் தொடங்கும் முன்போ, கடைசித் தேதிக்குள்ளோ தரவேண்டும். வாய்மொழியாக “போய்ட்டு வாப்பா, பார்த்துக்கலாம்” என்று சொல்வதை நம்பிப் போகாதீர்கள். சொன்னவர் அடுத்த ஆண்டு மாறுதலில் போயிருக்கலாம். கையெழுத்தும் தேதியும் உள்ள கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

75 சதவீத வருகை இல்லாவிட்டால் என்ன ஆகும்? சேனலிலிருந்து கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதாதா?

போதாது. பலர் ஏமாறுவது இங்கேதான். அண்ணா பல்கலைக்கழக விதிகளில் 75 சதவீதம் அடிப்படை. 65க்குக் குறையாமல் இருந்தால் மருத்துவம், விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்கு விலக்குக் கேட்கலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். சிபிஎஸ்இ பள்ளிகளிலும் பொதுத்தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும். நீண்ட நோய், பெற்றோர் மரணம், தேசிய அளவிலான விளையாட்டு போன்றவைக்கே தளர்வு தருகிறார்கள். தொலைக்காட்சிப் படப்பிடிப்பு அந்த வரிசையில் இல்லை.

கணக்கு இப்படிப் போடுங்கள். ஒரு பருவத்தில் 90 வேலை நாள் என்றால் 75 சதவீதத்துக்கு 68 நாள் இருக்க வேண்டும். விடுப்புக்கு மிஞ்சுவது 22 நாள். வாரம் இரண்டு நாள் படப்பிடிப்பு, ஒரு நாள் ஒத்திகை என்றால் அதில் ஒரு நாள் ஞாயிறாக விழுந்தாலும் பதினொரு வாரத்தில் விடுப்பு தீர்ந்துவிடும். மாணவர்கள் மறந்துவிடும் ஒன்று ஒத்திகை. படப்பிடிப்பு நாளை மட்டும் எண்ணி “சமாளிச்சுடலாம்” என்று நினைப்பார்கள். பாட்டுத் தேர்வு, பேண்டோடு ஒத்திகை, உடை அளவு, வீட்டுக்கு வந்து எடுக்கும் அறிமுகக் காட்சி என்று சேர்ந்துகொண்டே போகும்.

திறந்தநிலைப் பள்ளியில் சேர்த்தால் பிற்காலத்தில் மதிப்பிருக்குமா?

மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்ஐஓஎஸ் தரும் 10, 12ஆம் வகுப்புச் சான்றிதழ் மற்ற வாரியங்களுக்குச் சமமானது. பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயதும், பன்னிரண்டுக்கு 15 வயதும் ஆகியிருக்க வேண்டும். சேர்க்கை ஐந்தாண்டு செல்லும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கும். ஒரே நேரத்தில் எல்லாத் தாளையும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, இரண்டிரண்டாகவும் எழுதலாம். படப்பிடிப்புள்ள மாணவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

ஆனால் ஒரே ஒரு சீசனுக்காக ஓடிக்கொண்டிருக்கும் பள்ளியை விட்டு இங்கே மாற்ற வேண்டாம். தினமும் உட்கார வைத்துச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லையென்றால் புத்தகம் அப்படியே இருக்கும், ஐந்து ஆண்டும் ஓடிவிடும். இசையே முழுநேரம் என்று குடும்பம் முடிவெடுத்த பிள்ளைகளுக்குப் பொருந்தும் வழி இது.

பட்டப்படிப்புக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இக்னோவில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பை முடிக்க ஆறாண்டு வரை தருகிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க யுஜிசி 2022ஆம் ஆண்டிலிருந்து அனுமதிக்கிறது. இசைக் கல்லூரியில் நேரடியாகப் படித்துக்கொண்டே பி.காம். தொலைவழியில் முடிக்கலாம்.

எங்கள் பிள்ளைக்கு 10 வயது. சட்டம் என்ன சொல்கிறது?

14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். கலைஞராக நடிக்க, பாட, ஆட விலக்கு உண்டு. அதுவும் படிப்பு கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு. 1986ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, 2017இல் விரிவான விதிகள் வந்தன. பெற்றோர் இவற்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்:

ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் படப்பிடிப்பு வைக்கக்கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்கி, உறுதிமொழிப் படிவமும் பிள்ளைகள் பட்டியலும் பெற்றோர் சம்மதமும் தந்திருக்க வேண்டும். அந்த உறுதிமொழி ஆறு மாதம் மட்டுமே செல்லும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் நியமிக்க வேண்டும். பாடம் விட்டுப்போகாமல் படிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரிலேயே நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது.

நடைமுறையில் தவறுவது நேரக் கணக்கில்தான். காலை ஒன்பதுக்கு வரச்சொல்லி, மேக்கப் போட்டு உட்கார வைத்து, மாலை ஆறுக்குப் பாட வைத்து, “பாடினது பத்து நிமிஷம்தானே” என்பார்கள். மேக்கப்போடு காத்திருக்கும் பிள்ளை ஓய்வில் இல்லை. முதல் நாளே பொறுப்பாளர் யார் என்று பெயர் கேளுங்கள். ஆட்சியர் அனுமதியின் நகலைக் கேளுங்கள். பிள்ளை வந்த நேரமும் கிளம்பிய நேரமும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கேட்பதால் பிள்ளையின் வாய்ப்பு போய்விடும் என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் இருக்கிறது. முறையாக நடத்தும் குழு இந்தக் கேள்விகளுக்குத் தயாராக இருக்கும்.

உடை, பாட்டு, அசைவு பற்றியும் வாய் திறக்கலாம். வயதுக்குப் பொருந்தாத வகையில் பிள்ளைகளைக் காட்டக்கூடாது என்று மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூனில் தனியார் சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியிருக்கிறது.

பையன் சின்ன வயதில் நன்றாகப் பாடினான். இப்போது 13. மேல் ஸ்தாயி எட்டவில்லை. பயிற்சி போதவில்லையா?

பயிற்சிக் குறையில்லை, குரல் உடைகிறது. ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 முதல் 15 வயதுக்குள் குரல்வளை வளர்ந்து, குரல்நாண் நீண்டு தடிக்கும். பேச்சுக் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி இறங்கும். இந்தக் காலத்தில் பழைய சுருதியிலேயே பாடச் சொல்லி வற்புறுத்தினால் தொண்டையை இறுக்கிப் பாடும் பழக்கம் வந்துவிடும். குரல்நாணில் முடிச்சு விழவும் இடம் உண்டு. ஜூனியர் சீசனில் கொண்டாடப்பட்ட பல பையன்கள் சீனியர் வயதில் காணாமல் போவதற்கு இது முக்கியமான காரணம். திறமை போகவில்லை. அந்த இரண்டு வருடத்தில் குரலைக் கெடுத்துக்கொண்டார்கள்.

செய்ய வேண்டியது: சுருதியை இறக்குங்கள். ஒரு அமர்வு 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நடுஸ்தாயியில் மெதுவாகச் சரளி வரிசை, ஜண்டை வரிசை போன்ற தொடக்கப் பயிற்சிகள் போதும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பாட முடியாத இந்தக் காலம் கீபோர்டு, தாள வாத்தியம், சுரக்குறிப்பு எழுதுவது இவற்றைக் கற்க நல்ல காலம். போட்டிக்கு அனுப்புவதானால் குரல் நிலைத்த பிறகு அனுப்புங்கள். பெண் பிள்ளைகளுக்கும் மாற்றம் உண்டு, அளவு சிறியது.

வேலையில் இருக்கிறேன். லீவு எப்படிக் கேட்பது?

தனியார் நிறுவனம் என்றால் முதலில் உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வேறு வருமானம் ஈட்டக்கூடாது என்ற விதி இருக்கும். சம்பளமில்லா விடுப்பில் இருந்தாலும் அந்த விதி உங்களைக் கட்டும். ஆகவே விடுப்பு அனுமதி ஒன்று, நிகழ்ச்சியில் பங்கேற்கவும் அதற்கு ஊதியம் பெறவும் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் ஒன்று, இரண்டும் தேவை. நிறுவனத்தின் பெயரையும் வாடிக்கையாளர் பெயரையும் திரையில் சொல்லமாட்டேன் என்று நீங்களாகவே எழுதிக் கொடுத்தால் மனிதவளத் துறை சீக்கிரம் இசைந்துவரும்.

அரசு ஊழியர் என்றால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 பொருந்தும். மத்திய அரசு ஊழியருக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள். எப்போதாவது செய்யும் கலை, இலக்கியப் பணிக்கு அங்கே இடமுண்டு. ஊதியத்தோடு மாதக்கணக்கில் என்றால் முன் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. துறை அலுவலகம் வழியாக விண்ணப்பம் மேலே போய்த் திரும்ப இரண்டு மாதம்கூட ஆகும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வினாடி வினா நிகழ்ச்சிகள் ஓரிரு நாளில் முடிவதால் அரசு ஊழியர்களுக்கு ஏற்றவை. 2020 ஜனவரியில் கலர்ஸ் தமிழின் ‘கோடீஸ்வரி’ நிகழ்ச்சியில் ஒரு கோடி வென்ற கௌசல்யா கார்த்திகா அப்போது மதுரை நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளர். கேட்கவும் பேசவும் இயலாத அவர் எம்.எஸ்சி., எம்.பி.ஏ. படித்தவர்.

மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். தொழில்முறை விளம்பரத்துக்கு இரு தொழிலிலும் தடை இருக்கிறது. நிகழ்ச்சிக்குப் பின் வரும் சத்துமாவு, மூலிகை எண்ணெய் விளம்பரத்தை மருத்துவர் ஒருவர் ஏற்றால் மருத்துவக் கவுன்சிலில் புகார் போகும்.

நூறு நாள் போன் இல்லாமல் உள்ளே இருக்கப் போகிறேன். என்னென்ன செய்துவிட்டுப் போக வேண்டும்?

இதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள். உள்ளே போனதும் உங்களால் ஒரு ஓடிபி கூடச் சொல்ல முடியாது என்பதை அடிப்படையாக வைத்து யோசியுங்கள்.

வங்கி: வீட்டுக்கடன், வண்டிக்கடன், காப்பீட்டுப் பிரீமியம் எல்லாம் எந்தக் கணக்கிலிருந்து போகிறதோ அதில் ஐந்து மாதத் தொகையைப் போட்டுவையுங்கள். நிகழ்ச்சி நூறு நாள் என்றாலும் ஊதியம் கைக்கு வர அதற்குப் பிறகும் தாமதமாகலாம். கிரெடிட் கார்டு பாக்கியை முழுதாகக் கட்டிவிட்டு, முழுத் தொகையும் தானாகக் கழியும்படி வையுங்கள். குறைந்தபட்சத் தொகை மட்டும் கழியும்படி விட்டால் வட்டி ஏறும், கடன் மதிப்பெண்ணும் அடிபடும்.

சிம்: ஓடிபி வரும் எண்ணை நம்பிக்கையான ஒருவரிடம், பெரும்பாலும் அம்மா, அப்பா அல்லது துணைவரிடம், கொடுங்கள். ரீசார்ஜ் நடுவில் முடிந்துவிடக்கூடாது.

அதிகாரப் பத்திரம்: வாடகை ஒப்பந்தம், வழக்கு, சொத்து ஏதாவது நிலுவையில் இருந்தால் குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் அதிகாரப் பத்திரம் எழுதுங்கள். எல்லா அதிகாரமும் தரும் பொதுப் பத்திரம் வேண்டாம்.

தேதிகள்: பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், அரியர் தாள் விண்ணப்பம், வருமானவரிக் கணக்கு, போட்டித் தேர்வு விண்ணப்பம், பாஸ்போர்ட் காலாவதி. ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அரியர் விண்ணப்பத் தேதி தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

சமூக ஊடகம்: கணக்கை யார் நடத்துவார், என்ன போடக்கூடாது என்று எழுத்தில் வையுங்கள். மற்றப் போட்டியாளரைத் திட்டும் பதிவு உங்கள் பெயரில் போனால் வெளியே வந்து பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

மருந்து: தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை இருந்தால் நூறு நாளுக்கு மேல் வரும் அளவில் மருத்துவர் சீட்டோடு கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

வாங்கிய அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். படப்பிடிப்பு நாளில், மேக்கப் நாற்காலியில் வைத்து நீட்டும் பக்கங்களை எந்த வழக்கறிஞராலும் படித்துச் சொல்ல முடியாது. பத்து நாள் முன்னால் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பும் கேட்கலாம்.

தனியுரிமைக் காலம், அதாவது அவர்கள் அனுமதியில்லாமல் வேறெங்கும் பங்கேற்கக்கூடாத காலம், எவ்வளவு என்பதை முதலில் தேடுங்கள். நிகழ்ச்சி முடிந்து ஆறு மாதமா, இரண்டு வருடமா? அந்தக் காலத்தில் வேறு சேனல், சினிமா, யூடியூப், கல்லூரி விழா எதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்? சேனலே உங்கள் மேலாளராக இருந்து கமிஷன் எடுக்கும் என்று இருந்தால், எத்தனை சதவீதம், அவர்கள் கொண்டுவராத வாய்ப்புக்கும் உண்டா என்று எழுத வையுங்கள். உங்கள் பழைய வேலை, படிப்பு, இசை வகுப்பு நடத்துவது இவை தனியுரிமைக்குள் வராது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள். கேட்காதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நடுவில் விலகினால் இத்தனை லட்சம் அபராதம் என்று பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டையே தரும், எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறெங்கும் தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை 27ஆம் பிரிவுப்படி செல்லாது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேறு சேனலுக்குப் போவதைத் தடுக்கலாம். 18 வயது நிறையாதவர் போடும் கையெழுத்துக்குச் சட்ட மதிப்பு இல்லை, அதனால்தான் பெற்றோரிடம் வாங்குகிறார்கள். அப்படியானால் பொறுப்பும் பெற்றோர் தலையில்.

50 லட்சம் பரிசு என்றால் கையில் எவ்வளவு வரும்?

தொலைக்காட்சிப் போட்டியில் வெல்லும் பரிசுக்குத் தட்டையாக 30 சதவீத வரி. பரிசு ரூ.10,000ஐத் தாண்டினாலே கழித்துக்கொண்டுதான் தருவார்கள். உங்கள் மற்ற வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் இதுதான். செலவு எதையும் கழிக்க முடியாது. “12 லட்சம் வரை வரியில்லை” என்ற சலுகை பரிசுப் பணத்துக்குப் பொருந்தாது.

50 லட்சத்தில் 15 லட்சம் கழித்து 35 லட்சம் வரும். கதை அதோடு முடியவில்லை. கழிப்பது 30 சதவீதம் மட்டும். அந்த வரித்தொகையின் மேல் 4 சதவீத செஸ் எனும் தீர்வை உங்கள் பொறுப்பு. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வரியின் மேல் 10 சதவீதக் கூடுதல் வரியும் உண்டு, ஒரு கோடியைத் தாண்டினால் 15. பரிசு 50 லட்சம், வாரச் சம்பளம் மொத்தம் 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பரிசுக்கான வரி 15 லட்சம், கூடுதல் வரி 1.5 லட்சம், இரண்டின் மேல் செஸ் 66 ஆயிரம். ஆக 17 லட்சத்து 16 ஆயிரம். ஏற்கெனவே கழித்தது போக 2 லட்சத்து 16 ஆயிரம் தனியே கட்ட வேண்டும். சம்பளத்துக்கான வரி வேறு. “அதான் பிடிச்சுட்டாங்களே” என்று இருந்தவர்களுக்கு அடுத்த வருடம் வட்டியோடு நோட்டீஸ் வருவது இதனால்தான்.

2011இல் இந்தி வினாடி வினா நிகழ்ச்சியான ‘கௌன் பனேகா குரோர்பதி’யில் ஐந்து கோடி வென்ற பீகாரின் சுஷில் குமாருக்கு அன்றைய 30.9 சதவீத வரி போக ஏறத்தாழ மூன்றரைக் கோடிதான் மிஞ்சியது.

பரிசு வீடாகவோ காராகவோ இருந்தால்?

பொருளின் மதிப்புக்கு 30 சதவீத வரி கட்டப்பட்ட பிறகே பொருளைத் தர முடியும். 50 லட்சம் மதிப்புள்ள வீடு என்றால் 15 லட்சம் ரொக்கம் முதலில் யாராவது கட்ட வேண்டும். விதிமுறைத் தாளில் “வரி வெற்றியாளர் பொறுப்பு” என்றிருந்தால் அது நீங்கள். கையில் அவ்வளவு பணம் இல்லாத குடும்பம் கடன் வாங்கி வரி கட்டிப் பரிசு வீட்டை எடுக்கும் நிலை வரும். பத்திரப்பதிவுச் செலவு யாருடையது, மனை வரைபட அனுமதி ஆகிவிட்டதா, கட்டி முடித்த வீடா கட்டப்போகும் வீடா என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்குப் பதில் பணமாகத் தர வழியுண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை சம்பாதித்த பணம் அப்பாவின் வருமானத்தில் சேருமா?

பிள்ளை தன் திறமையால் ஈட்டியது பிள்ளையின் வருமானமே. பிள்ளை பெயரில் பான் அட்டை வாங்கி, காப்பாளராகக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். அந்தப் பணத்தை வைப்பில் போட்டு வரும் வட்டி மட்டும், பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் கணக்கில் சேரும். இந்த நுணுக்கத்தைத் தவறவிடுவோர் நிறைய.

நிகழ்ச்சி முடிந்தபின் மேடைக் கச்சேரியை நம்பி வாழ முடியுமா?

முதல் ஓராண்டு தேதிகள் குவியும். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கல்லூரி ஆண்டு விழா, வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம். அடுத்த சீசன் முடிந்ததும் புது முகங்கள் வந்துவிடுவார்கள், அழைப்பு குறையும். ஆகவே முதலாண்டு வருமானத்தை மாதச் சம்பளம் போல நினைத்து இஎம்ஐ போடாதீர்கள். அதில் பாதியையாவது தொடாமல் வைத்தால் இரண்டாம் ஆண்டைச் சமாளிக்கலாம்.

தேதி கொடுக்கும்போது பாதிப் பணம் முன்பணமாக வங்கிக் கணக்கில் வாங்குங்கள். மீதி மேடை ஏறும் முன். “முடிஞ்சதும் தர்றோம்” என்ற இடத்தில் விடியற்காலை இரண்டு மணிக்கு யாரும் இருக்கமாட்டார்கள். எத்தனை பாட்டு, எத்தனை மணி நேரம், பயணம், தங்கும் அறை, உடன் வரும் ஒருவருக்கான செலவு, மழை வந்து ரத்தானால் என்ன என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி ஒப்புதல் வாங்குங்கள். மேலாளர் கமிஷன் 10 முதல் 20 சதவீதம் வரை வழக்கம். மேலாளர் கணக்கில் முழுப்பணம் போய் உங்களுக்கு மிச்சம் வரும் ஏற்பாடு வேண்டாம். உங்கள் கணக்கில் வந்து கமிஷன் வெளியே போகட்டும்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வெளிநாட்டுக் கச்சேரிக்குச் சுற்றுலா விசாவில் போகாதீர்கள். அமெரிக்காவில் கட்டணத்துக்குப் பாட கலைஞர்களுக்கான ‘P’ வகை விசா வேண்டும். ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டால் அடுத்துப் பல நாட்டு விண்ணப்பங்களில் அதைக் குறிப்பிட வேண்டியிருக்கும்.

நிகழ்ச்சியில் நான் பாடிய வீடியோவை என் யூடியூபில் போடலாமா?

கூடாது. அந்தப் பதிவு சேனலுடையது, பாட்டின் உரிமை இசை நிறுவனத்துடையது. வீட்டில் நீங்களே பாடிப் பதிவுசெய்தாலும் திரைப்பாட்டு என்றால் விளம்பர வருமானம் பெரும்பாலும் உரிமையாளருக்கே போகும். உங்கள் சொந்தப் பாட்டு நான்கு இருந்தாலும் அதுதான் நிரந்தரச் சொத்து. பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஐபிஆர்எஸ் அமைப்பிலும், பாடகர் ஐஎஸ்ஏஎம்ஆர்ஏ அமைப்பிலும் உறுப்பினராகி ராயல்டி பெறலாம்.

விளம்பரப் பதிவு போட்டால் அது விளம்பரம் என்று தெளிவாகக் காட்ட வேண்டும். பொய்யான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் வரை அபராதம் போடலாம். ஒரே நிறுவனம் ஆண்டில் ரூ.20,000க்கு மேல் மதிப்புள்ள இலவசப் பொருள் தந்தால் அதற்கும் 10 சதவீத வரிப்பிடித்தம் உண்டு.

இசையிலேயே நிலைக்க என்ன படிக்கலாம்?

சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. பல மாவட்டத் தலைநகரங்களில் மூன்றாண்டுப் படிப்புள்ள அரசு இசைப்பள்ளிகள் உண்டு, கட்டணம் மிகக் குறைவு. அரசுத் தேர்வுத் துறை நடத்தும் இசைத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் தேறி ஆசிரியர் பயிற்சிச் சான்றும் பெற்றால் பள்ளி இசையாசிரியர் வேலைக்குத் தகுதி வரும். தொலைக்காட்சி முகம் வகுப்புக்கு மாணவர்களைக் கூட்டிவரும். அவர்கள் தொடர்ந்து வருவது நீங்கள் கற்பிக்கும் தரத்தால்தான். ஒலிப்பதிவுப் பொறியியலும் நல்ல துணைத்தொழில், குரல் சரியில்லாத நாளிலும் வருமானம் வரும்.

பிரபலமான பிறகு பழைய வேலைக்குத் திரும்புவது தோல்வியா?

இல்லை. 2018இல் கேக், ரொட்டி சுடும் போட்டியான ‘கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ வென்ற ராகுல் மண்டல் ஷெஃபீல்டில் ஆராய்ச்சியாளர், வென்ற பிறகும் அந்தப் பணியை விடவில்லை. பிரிட்டனின் ‘மாஸ்டர்செஃப்’ 2017 வெற்றியாளர் சலிஹா மஹ்மூத் அஹ்மத் மருத்துவராகவே தொடர்கிறார். ரவி மோகன் சைனி 2001இல் 14 வயதில் ‘கௌன் பனேகா குரோர்பதி ஜூனியர்’ நிகழ்ச்சியில் ஒரு கோடி வென்றார். பிறகு எம்பிபிஎஸ் முடித்து, ஐபிஎஸ் ஆகி, போர்பந்தர் காவல் கண்காணிப்பாளரானார். சுஷில் குமார் வெற்றிக்குப் பின் வந்த சில ஆண்டுகளே தன் வாழ்வின் மோசமான காலம் என்று 2020இல் வெளிப்படையாக எழுதினார், மோசடிகளில் ஏமாந்ததையும் குடியில் சிக்கியதையும் சொன்னார். பின்பு படித்து, பீகார் அரசின் ஆசிரியர் தேர்வில் தேறினார். திருச்சியில் பொறியியல் படித்த சிவகார்த்திகேயன் ‘கலக்கப் போவது யாரு’ மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனதும் உண்மை. அவர் வழி ஒன்று, இவர்கள் வழி ஒன்று.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த இடைவெளியை எப்படிக் காட்டுவது?

மறைக்காதீர்கள், இணையத்தில் உங்கள் பெயரைத் தேடினாலே வந்துவிடும். மாதம், ஆண்டு போட்டு “தொலைக்காட்சிப் போட்டியில் பங்கேற்பு, ஐந்து மாதம்” என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே வேலைக்குப் பொருந்தும் ஒன்றைச் சொல்லுங்கள். வாரம் ஒரு புதுப்பாட்டை மூன்று நாளில் தயாரித்தது, நேரடி மேடையில் பேசியது போல. நேர்காணலில் எலிமினேஷன் பற்றிக் கேட்பார்கள். இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு வேலைக்கு வாருங்கள். “மறுபடி கூப்பிட்டால் போய்விடுவீர்களா?” என்பதுதான் அவர்களின் உண்மையான சந்தேகம். தனியுரிமைக் காலம் முடிந்துவிட்டது என்று தேதியோடு சொல்ல முடிந்தால் அது தீரும்.

வெளியே வந்தபின் தூக்கம் வரவில்லை. இணையத்தில் வரும் வசவைப் படிக்கப் படிக்க நடுக்கமாக இருக்கிறது.

ஒரு மாதம் கருத்துப் பகுதியை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். மிரட்டல்களை அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து சைபர் குற்றப் பிரிவில் கொடுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமானஸ் இலவச எண்ணில் தமிழில் பேசலாம். தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

ஆடிஷனில் தேர்வாகிவிட்டதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். பதிவு, உடை, போர்ட்ஃபோலியோ, “வைல்டு கார்டு இடம்” என எந்தப் பெயரில் கேட்டாலும் மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சேனலின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள், அவர்கள் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள். பிள்ளையின் ஆதார் நகலையும் முழுப் புகைப்படங்களையும் அனுப்பிவிட்டிருந்தால் அதையும் புகாரில் குறிப்பிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.